இரவு ஷிப்ட் நோட்டு

அந்த வருடம் ஐப்பசியில் வந்தது நோன்பு.
பிறை பத்தொன்பது.
தராவீஹ் முடித்துச் சட்டை மாற்றி
சிப்காட்டுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

ஒன்றரை மணிக்குத் தேவநாதன் சார் போன்:
"நல்லா ஊத்துது கமரு. தொறந்துடு."

மழையில்தான் திறப்போம்.
உப்பனாறு கலங்கி ஓடும்போது
எங்கள் நிறம் தனியாகத் தெரியாது.

அன்று அசருக்கு ஒளு செய்கையில்
தொண்டைக்குள் ஒரு சொட்டு இறங்கிவிட்டதோ என்று
ஹஜரத் முன்னால் போய் நின்றேன்.
எச்சிலை விழுங்கலாமா,
பற்பசை ஆகுமா,
கண்ணுக்கு மருந்து விட்டால் நோன்பு கூடுமா,
பதினெட்டு நோன்பில் பதினோரு சந்தேகம்.
அவரும் அலுக்காமல் சொன்னார்.

எட்டு அங்குலக் குழாயில்
சிவப்புச் சக்கரம் வைத்த அந்த வால்வைப் பற்றி
ஒருநாளும் கேட்டதில்லை.
தெரிந்ததைப் போய் யாராவது கேட்பார்களா?

நோட்டில் ஒரு கட்டம் உண்டு:
'வெளியேற்றம்'.
நான்கு இரவு அதில் 'இல்லை' என்று எழுதி
கமருத்தீன் என்று கையெழுத்திட்டிருக்கிறேன்.
முத்து முத்தான எழுத்து என்றார் ஆடிட்டர்.

மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.
சக்கரம் சில்லிட்டிருந்தது.
இடப்பக்கமாக ஏழு சுற்றினால்
முழுதும் திறந்துவிடும்.

ஒன்று.
இரண்டு.
மூன்று.
உம்ராவுக்கென்று மாதம் ஆயிரம் சேர்க்கிறேன் நான்.
நான்காவதில்தான் எண்ணிக்கை உறைத்தது.
ஏழு சுற்று.
இடப்பக்கமாக.
எங்கே போய்ச் சுற்ற ஆசைப்பட்டேன்,
எதைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே தண்ணீர் போகும் சத்தம்.
தண்ணீர் என்று சொல்வது பழக்கதோஷம்.

அஞ்சலாட்சி நினைவுக்கு வந்தாள்.
இடுப்பளவு ஆற்றில் குனிந்து
கையால் தடவி இறால் பிடிப்பவள்.
போன வாரம் நண்டு கொடுக்க வந்தபோது
விரலிடுக்கில் தோல் உரிந்திருந்ததைக் காட்டி
"சோப்ப மாத்திப் பாக்குறேன் பாய்" என்றாள்.
தலையாட்டினேன்.
நோன்பு வைத்த வாய்.
பொய் சொல்லவில்லை.
பேசவே இல்லை.

பசியை அடக்கத் தெரிகிறது எனக்கு.
உச்சிவெயிலில் தாகத்தையும்.
சம்பளம் போய்விடுமோ என்ற பயத்துக்கு மட்டும்
சஹர் இல்லை இஃப்தார் இல்லை,
வருடம் முழுக்கத் தின்னக் கொடுத்திருக்கிறேன்.

நான்கு சுற்றையும் திருப்பி மூடினேன்.
அதற்குள் போனது போனதுதான்.
அறைக்கு வந்து கை துடைத்து
நோட்டைத் திறந்தேன்:

'இரவு 1.40. மழை. வால்வு திறக்கப்பட்டது.
நான்கு சுற்று. பதினெட்டு நிமிடம்.
திறந்தவன் கமருத்தீன். மூடியவனும்.'

யோசித்து இன்னொரு வரி சேர்த்தேன்:
'முன்பும் நான்கு முறை.'
எழுத்து கோணலாகத்தான் வந்தது.
இரு தோளிலும் இருந்து எழுதுகிறவர்களுக்கு
மழை என்று விடுமுறையா என்ன?
அவர்கள் நோட்டோடு
இப்போதுதான் முதல்முறை ஒத்துப்போகிறது என்னுடையது.

சஹருக்குச் சபுரா கட்டிக் கொடுத்த சோறு.
கேன் தண்ணீர்.
இந்த ஊர்க் கிணறு எதையும்
நாங்களே குடிப்பதில்லை.
நிய்யத்துச் சொல்ல வாயெடுத்தேன்.
'அல்லாஹ்வுக்காக' என்ற இடத்தில்
கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

ஆறு மணிக்குத் தேவநாதன் சார் வந்தார்.
படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி படித்தார்.
பக்கங்களில் எண் அச்சடித்திருக்கிறது,
கிழித்தால் தெரிந்துவிடும்.
"என்னய்யா எழுதி வச்சிருக்க?"
"நடந்தத சார்."
"புள்ளைங்க இருக்குல்ல உனக்கு?"
"இருக்கு சார்."

பதில் அதுதான் என்று
அவருக்குப் புரிந்ததோ என்னவோ.

சைக்கிளை வீட்டுக்குத் திருப்பவில்லை.
முதுநகர் மார்க்கெட்டில்
மழை ஒழுகும் தார்ப்பாய்க்குக் கீழே
கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள்.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது.
நோன்பு தொடங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை,
தாகமாக இருக்க நியாயமில்லை.

"சோப்பு இல்ல அஞ்சலாட்சி" என்றேன்.

நண்டைக் கட்டிக்கொண்டிருந்த கை
நின்றது.